டிங்கோ சிங் என்னும் முஷ்டி வீரர்

கையாலும் காலாலும் பொருதும் கலப்புத் தற்காப்புக் கலையே இன்று நம் வாலிபர்களின் பேச்சாக இருக்கிறது. அக்கலையில் அடித்து வெல்வோர் பலருக்கும் தாய்வீடு குத்துச்சண்டையே. ஆதலின், அக்குத்துச்சண்டையால் புகழெய்திப் பின்னர் ஆசானாக அமர்ந்த ஒருவரின் வரலாற்றை இம்மலரில் நினைவுகூர விழைகிறோம்.

இந்தியாவின் வடகிழக்கு எல்லையில், மலைகள் சூழ்ந்த மணிப்பூரில், சேக்தா என்னும் சிற்றூரில் 1979ஆம் ஆண்டு பிறந்தவர் டிங்கோ சிங். குடும்பத்தின் வறுமையோ கொடிது. அநாதை இல்லமே அவரை வளர்த்தது. ஆனால் அச்சிறுவனின் கைவேகத்தை இந்திய விளையாட்டு அதிகார சபையின் பயிற்சியாளர்கள் கண்டுகொண்டனர். 1989இல், பத்தே வயதில், அம்பாலாவில் நடந்த தேசியச் சிறுவர் போட்டியில் அவர் வெற்றிவாகை சூடினார். பின்னர் இந்தியக் கடற்படையிற் சேர்ந்தார். 1997இல் பாங்கொக் நகரில் மன்னர் கிண்ணத்தை வென்றார்.

இத்தகைய வீரரை 1998 ஆசிய விளையாட்டு விழாவுக்கான குழுவிலிருந்து முதலில் நீக்கிவிட்டனர் என்றால் நம்புவீர்களா? இறுதி நேரத்திலேதான் அவருக்கு இடம் கிடைத்தது. அவ்விழாவும் அதே பாங்கொக்கிலேயே நடைபெற்றது. நம் நாட்டின் சுகத் திலகரத்னவும் தமயந்தி தர்ஷாவும் ஓட்டப்போட்டிகளில் தங்கம் வென்ற விழா அதுவே என்பதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அக்காலத்து முறைப்படி ஒரு சண்டைக்கு இரண்டு நிமிடங்கள் கொண்ட ஐந்து சுற்றுகள். ஐந்து நடுவர்களில் மூவர் ஒரே விநாடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் ஒரு குத்துக்குப் புள்ளி கிடைக்கும். ஆகவே குத்து பலமாக இருந்தால் மட்டும் போதாது. எவர் கண்ணுக்கும் ஐயமின்றித் தெரியவும் வேண்டும். டிங்கோ சிங் அரையிறுதியில் தாய்லாந்து வீரரை அவர்தம் சொந்த மண்ணிலேயே வென்றார். 54 கிலோ பிரிவின் இறுதிப் போட்டியில் அவரை எதிர்த்து நின்ற உஸ்பெகிஸ்தான் வீரர் திமூர் துல்யாகோவ் நான்காம் சுற்றுக்குப் பின் தொடர இயலாமல் ஒதுங்கினார். 1982இல் கவுர் சிங் வென்றதற்குப் பின், 16 ஆண்டுகள் கழித்து, ஆசியக் குத்துச்சண்டைத் தங்கம் இந்தியாவுக்குக் கிட்டியது.

வெற்றி ஒருவரோடு நின்றுவிடவில்லை. அதே மணிப்பூரில், பிறர் நிலத்தில் உழைத்துப் பிழைத்த பெற்றோரின் மகளான மேரி கோம் அவ்வெற்றியால் ஊக்கம் பெற்றுக் கையுறை அணிந்தார். ஆறு முறை உலக வெற்றி பெற்றார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலமும் பெற்றார். ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கு ஏற்றப்படுவது இவ்வாறன்றோ!

களம் விட்டு நீங்கிய டிங்கோ சிங் இம்பாலில் இளைஞர்களைப் பயிற்றினார். 2013இல் பத்மஸ்ரீ விருது வந்தது. அதன் பின் ஈரல் புற்றுநோயும் வந்தது. சிகிச்சைக்காக வீட்டையே விற்க நேர்ந்ததென்று பத்திரிகைகள் எழுதின. 2020இல் கொரோனாத் தொற்றையும் வென்ற அவர், 2021 ஜூன் 10ஆம் நாள், 42ஆம் வயதில் கண்மூடினார்.

அன்பர்களே, இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்துக் கூடையுடன் மலையேறும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு உடல் உரம் இல்லாமலில்லை. லயத்துக்குக் கீழேயுள்ள சிறு மைதானத்தில் அவ்வுரத்தைக் கண்டு, கைபிடித்து அழைத்துச் செல்லும் கண்கள்தாம் வேண்டும். அக்கண்கள் நம்முடையனவாக இருத்தல் கூடாதா? மேலும், கைதட்டி மகிழ்ந்த நாம், வீரன் நோயுற்றுக் கிடக்கும் நாளிலும் அவன் வாசலுக்குச் செல்லக் கடமைப்பட்டவர்கள். இவ்விரண்டையும் மேற்கொள்வோமாக!