லைக்கன்கள்

பாறைகளிலும், முதிர்ந்த மரங்களின் பட்டைகளிலும், பழைய மதிற்சுவர்களிலும் சாம்பல், மஞ்சள், வெளிர்பச்சை முதலிய வர்ணங்களில் தேமல் படர்ந்தாற்போல் ஒட்டிக்கிடக்கும் உயிர்வகைக்கு லைக்கன் என்று பெயர். பார்வைக்கு ஒரே தாவரமாகத் தோன்றினும், இஃது உண்மையில் ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் பிரிக்கவொண்ணாதபடி பிணைந்து நடத்தும் கூட்டுவாழ்க்கையே ஆகும். துருவப் பிரதேசங்களின் உறைபனியிலும், பாலைவனத்தின் கொதிக்கும் கல்லிலும் வாழவல்ல சுமார் 20,000 இனங்கள் இவற்றில் உண்டு. பாறையோடு பாறையாகப் படிந்தவை, இலைகளாக விரிபவை, சிறு புதராகக் கிளைப்பவை அல்லது மரக்கிளைகளிலிருந்து தாடியாகத் தொங்குபவை என உருவத்தால் இவற்றை மூவகையாகப் பிரிப்பது வழக்கம்.

இலைவடிவ லைக்கன் ஒன்றைக் குறுக்கே மெல்லிய சீவலாக அறுத்து நுண்பெருக்கியின்கீழ் வைத்து நோக்கினால், மேற்பரப்பில் பூஞ்சையின் இழைகள் நெருக்கமாகப் பின்னித் தோலாக இறுகியிருப்பதையும், அதனடியில் பாசியின் பசிய அணுக்கள் ஓர் அடுக்காக அமைந்திருப்பதையும், அதற்கும் கீழே இழைகள் தளர்ந்து காற்றுக்கு இடங்கொடுத்திருப்பதையும் காணலாம். பாசி சூரிய ஒளியின் உதவியால் ஆகாரத்தை ஆக்கித் தர, பூஞ்சை அதனை உண்டு, பாசிக்கு ஈரத்தையும் கடும் வெயிலினின்று பாதுகாப்பையும் அளிக்கின்றது. நாஸ்டாக் என்னும் நீலப்பச்சைப் பாசி குடியிருக்கும் இனங்கள் காற்றிலுள்ள நைட்ரஜனையும் கிரகித்துக்கொள்ளும் ஆற்றல் வாய்ந்தவை.

இந்த இரட்டை இயல்பை 1867-இல் சுவிட்சர்லாந்துத் தாவர சாஸ்திரியான ஸைமன் ஷ்வெண்டனர் எடுத்துரைத்து, பூஞ்சையை எசமானனாகவும் பாசியை அடிமையாகவும் வருணித்தபோது, அக்காலத்து லைக்கன் நிபுணர் பலர், அவர்களுள்ளும் பெயர்பெற்ற பின்லாந்தவரான வில்லியம் நைலாண்டர், அதனை அடியோடு மறுத்தனர். வாழ்நாள் முழுவதும் தனியுயிரென்று கருதி வகைப்படுத்தியது இரண்டின் சேர்க்கை என்றால் எவருக்குத்தான் மனம் ஒப்பும்? ஆயினும் ஷ்வெண்டனரின் கொள்கையே நிலைத்தது. அவருடைய உவமை மட்டும் முற்றும் பொருந்தவில்லை. ஏனெனில், அடிமை எனப்பட்ட பாசிகளுள் சில தனித்தும் வாழ வல்லவையாயிருக்க, எசமானன் எனப்பட்ட பூஞ்சைக்கோ இயற்கையில் பாசியின்றிப் பிழைக்கும் வகை பெரும்பாலும் இல்லை.

பூஞ்சை தன் வித்துக்களைக் காற்றில் தூவினாலும், அவை விழுந்த இடத்தில் தக்க பாசி கிட்டினாலன்றி லைக்கன் உருவாகாது. ஆதலின் பல இனங்கள், சில பாசி அணுக்களை இழைகளால் சுற்றிய நுண்ணிய பொடியை மேற்பரப்பில் உண்டாக்கி, இரு கூட்டாளிகளையும் ஒருசேரப் பரப்புகின்றன. மழையற்ற காலத்தில் லைக்கன் நொறுங்குமளவு உலர்ந்து செயலற்றுக் கிடக்கும். ஈரம் பட்டதும் சில நிமிஷங்களில் பசுமையுற்று ஆகாரம் ஆக்கத் தொடங்கும். உழைக்கும் பொழுது இவ்வாறு குறுகியிருப்பதால் வளர்ச்சி மிக மந்தமாகின்றது. பாறையில் படியும் இனங்கள் பல, ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர்கூடப் படருவதில்லை. இம்மந்தகதியையே அளவுகோலாக்கி, ஆஸ்திரியரான ரோலண்ட் பெஷெல் என்பவர், ஆண்டு பொறித்த கல்லறைக் கற்களில் லைக்கன்களின் விட்டத்தை அளந்து, அதனைக்கொண்டு ஆல்ப்ஸ் மலையில் பனியாறுகள் விட்டுச்சென்ற கற்குவியல்களின் வயதைக் கணிக்கும் முறையை 1950-இல் வெளியிட்டார்.

பிரயோஜனங்களுள் சாயத்தொழில் பழைமையானது. கடற்கரைப் பாறைகளில் வளரும் ரோசெல்லா என்னும் இனத்தை அம்மோனியா கலந்து பல நாள் ஊறவைத்துப் புளிக்கச் செய்தால் ஊதாச் சாயம் கிடைக்கும். ஃப்ளாரன்ஸ் நகரத்து ருச்செல்லாய் வணிகக் குடும்பத்தார் இதனாலேயே செல்வம் ஈட்டினர். அமிலத்தில் சிவந்து காரத்தில் நீலமாகும் லிட்மஸும் இவ்வினத்திலிருந்தே எடுக்கப்பட்டது. லாப்லாந்தில் பனிமான்கள் குளிர்காலம் முழுவதும் பனியைக் குளம்பால் கிளறித் தின்பது கிளடோனியா என்ற லைக்கனையே. ஐஸ்லாந்து மக்கள் பஞ்ச காலத்தில் செட்ராரியா லைக்கனை ஊறவைத்துக் கசப்பைப் போக்கி மாவுடன் சேர்த்து உண்டனர்.

நம் நாட்டில், செட்டிநாட்டுச் சமையலுக்கு மணமூட்டும் கல்பாசியும் லைக்கனேயாகும். பட்டை, கிராம்போடு மளிகைக் கடைகளில் விற்கப்படும் இச்சருகின் ஒருபுறம் சாம்பல் பூத்தும் மறுபுறம் கறுத்தும் இருக்கும். கையிலெடுத்து முகர்ந்தால் மணம் பெரிதாகத் தெரியாது, காய்ந்த எண்ணெயில் விழுந்த பிறகே அதன் குணம் வெளிப்படும். இது பயிரிடப்படும் பொருளன்று. மலைக்காட்டு மரங்களிலிருந்தும் பாறைகளிலிருந்தும் சேகரிக்கப்படுவது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்வதைச் சில நிமிஷங்களில் சுரண்டியெடுப்பதால், ஒருமுறை துடைத்த மரம் மீண்டும் பாசி போர்த்தப் பல ஆண்டுகள் செல்லும் என்பதை வாங்குவோர் எண்ணுவதில்லை.

வேரற்ற லைக்கன் நீரையும் உப்புக்களையும் காற்றினின்றே உடல் முழுவதாலும் உறிஞ்சுவதால், காற்றிலுள்ள நஞ்சும் தடையின்றி உட்புகும். கந்தக டையாக்ஸைடு பாசி அணுக்களை விரைவில் கெடுக்கும். பாரிஸ் நகரின் பிற இடங்களில் மறைந்துவிட்ட லைக்கன்கள் லக்ஸம்பர்க் பூங்காவில் தழைத்திருந்ததைக் கண்டு, அவை காற்றின் தூய்மைக்குச் சான்று என்று 1866-இலேயே எழுதியவர், ஷ்வெண்டனரை மறுத்த அதே நைலாண்டர்தான். 1970-இல் ஹாக்ஸ்வர்த், ரோஸ் என்னும் ஆங்கிலேயர் இருவர், மரங்களில் காணும் இனங்களைக்கொண்டே கந்தகப் புகையின் அளவை மதிப்பிடும் படிமுறை ஒன்றை வகுத்தனர். நிலக்கரிப் புகை குறைந்தபின் லண்டனில் லைக்கன்கள் மீளவும் குடியேறின. ஆயினும் பழைய இனங்கள் யாவும் திரும்பவில்லை. வாகனப் புகையாலும் பிறவற்றாலும் மிகும் நைட்ரஜனைத் தாங்கவல்ல மஞ்சள்நிறச் சாந்தோரியா முதலியவையே அந்நகரின் மரங்களில் இப்போது மிகுதி.