தாரா சிங்

தாரா சிங் (நவம்பர் 19, 1928 – ஜூலை 12, 2012) இந்தியாவைச் சேர்ந்த தொழில்முறை மற்போர் வீரரும் திரைப்பட நடிகரும் ஆவார். இவரது இயற்பெயர் தீதார் சிங் ரந்தாவா. 1954 இல் ருஸ்தம்-ஏ-ஹிந்த் பட்டத்தையும், 1959 இல் பொதுநலவாய வாகையர் பட்டத்தையும் வென்றார். 1968 இல் அமெரிக்க வீரர் லூ தெஸ்சை மும்பையில் வீழ்த்தினார். தூர்தர்ஷனில் ஒளிபரப்பான இராமாயணம் தொடரில் அனுமனாக நடித்தவர் என்ற வகையிலும் இவர் பரவலாக அறியப்படுகிறார். 2003 முதல் 2009 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தார். தமிழகப் பேச்சு வழக்கில் தாராசிங் என்னும் பெயர், உடல் வலிமை மிக்கவரைக் குறிக்கும் பொதுச்சொல்லாகவே வழங்கி வருகிறது.

இளமைக்காலம்

தாரா சிங் பஞ்சாப் மாநிலம் அமிர்தசரஸ் மாவட்டத்திலுள்ள தர்மூசக் என்னும் சிற்றூரில், சூரத் சிங், பல்வந்த் கௌர் இணையருக்குப் பிறந்தார். உழவுத் தொழிலைச் சார்ந்த சீக்கியக் குடும்பம் இவருடையது. இளமையிலேயே ஊர்க் கோதாவில் குஸ்தி பழகினார். இவரது தம்பி ரந்தாவாவும் பிற்காலத்தில் மற்போர் வீரராகவும் நடிகராகவும் விளங்கினார்.

1947 இல் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் சென்ற தாரா சிங், அங்கு பீப்பாய் செய்யும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தார். ஆறடி இரண்டு அங்குல உயரமும் கட்டான உடலும் கொண்டிருந்த இவரை மற்போரில் ஈடுபடுமாறு பலரும் ஊக்கப்படுத்தினர். அர்னாம் சிங் என்பவரிடம் பயிற்சி பெற்ற இவர், சிங்கப்பூரின் கிரேட் வேர்ல்டு பொழுதுபோக்குப் பூங்காவில் களமிறங்கினார். பின்னர் மலேசிய வாகையராகவும் ஆனார்.

குஸ்தியும் தொழில்முறை மற்போரும்

தாரா சிங்கின் புகழைப் புரிந்துகொள்ள இருவகை மற்போரையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். குஸ்தி என்பது பதப்படுத்திய மண் நிரப்பிய கோதாவில் நடைபெறும் மரபுவழிப் போட்டியாகும். எதிராளியின் முதுகை மண்ணில் படச் செய்பவர் வெற்றி பெறுவார். காமா பயில்வான் போன்ற வீரர்களைப் பாட்டியாலா முதலிய சமஸ்தானங்களின் மன்னர்கள் ஊதியமும் உணவும் அளித்துப் பேணி வந்தனர். 1947 இல் நாடு பிரிவினையுற்றதையும், சமஸ்தானங்கள் இந்திய ஒன்றியத்தில் இணைந்ததையும் அடுத்து இந்த ஆதரவு குன்றியது. காமா பயில்வான் பாகிஸ்தானில் தங்கி, 1960 இல் லாகூரில் காலமானார்.

மன்னர்களின் இடத்தை நுழைவுச்சீட்டு வாங்கும் பொதுமக்கள் பெற்றனர். கயிறு கட்டிய மேடையில் நடைபெறும் தொழில்முறை மற்போர் இந்திய நகரங்களில் பரவியது. தமிழகத்தில் இது பிரீஸ்டைல் குஸ்தி எனப்பட்டது. ஒலிம்பிக்கில் இடம்பெறும் பிரீஸ்டைல் மற்போரினின்றும் இது வேறானது. இதில் வீரர்களின் திறனும் உடல் வலிமையும் உண்மையானவை. ஆயினும் போட்டியின் முடிவை அமைப்பாளர்கள் முன்கூட்டியே தீர்மானிப்பதும் உண்டு. கோதாவில் வளர்ந்து இம்மேடைக்கு வந்த தலைமுறையின் முதன்மையான வீரராகத் தாரா சிங் கருதப்படுகிறார்.

மற்போர் வாழ்க்கை

இந்தியா திரும்பிய தாரா சிங் 1954 இல் ருஸ்தம்-ஏ-ஹிந்த் போட்டியின் இறுதிச் சுற்றில் டைகர் ஜோகிந்தர் சிங்கை வென்றார். காஷ்மீர் மகாராஜா ஹரி சிங் இவருக்கு வெள்ளிக் கோப்பை வழங்கினார். 1959 இல் கல்கத்தாவில் கனடா வீரர் ஜார்ஜ் கார்டியென்கோவைத் தோற்கடித்துப் பொதுநலவாய வாகையர் ஆனார். ஜப்பானின் ரிக்கிடோசான், நியூசிலாந்தின் ஜான் ட சில்வா, இங்கிலாந்தின் டேனி லிஞ்ச், ஸ்கை ஹை லீ ஆகியோரும் இவர் எதிர்கொண்ட புகழ்பெற்ற வீரர்களாவர்.

கிங் காங்குடன் மோதல்கள்

இந்திய இரசிகர்களின் நினைவில் பெரிதும் தங்கியவை கிங் காங்குடன் தாரா சிங் நடத்திய போட்டிகளாகும். எமில் சாயா என்பது கிங் காங்கின் இயற்பெயர். ஹங்கேரியப் பின்புலம் கொண்ட இவர் சிங்கப்பூரில் குடியேறி, ஆசிய நாடுகளின் மேடைகளில் கொடிய எதிராளியாகத் தோன்றி வந்தார். தாரா சிங்கின் எடை சுமார் 130 கிலோ. கிங் காங்கின் எடையோ ஏறத்தாழ 200 கிலோ எனக் கூறப்படும். அந்தப் பேருடலைத் தாரா சிங் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றி மேடைக்கு வெளியே எறிந்தார் என்பது இன்றளவும் பெரியவர்கள் சொல்லும் கதையாகும்.

மேடையில் பகைவர்களாகத் தோன்றிய இருவரும் தொழிலில் பங்காளிகள். ஒருவர் இன்றி மற்றவருக்குக் கூட்டம் சேராது என்பதை இருவருமே அறிந்திருந்தனர். 1962 இல் வெளியான கிங் காங் என்னும் இந்தித் திரைப்படத்திலும் இருவரும் தோன்றினர். வாகன விபத்தில் காயமுற்ற கிங் காங் 1970 இல் சிங்கப்பூரில் காலமானார்.

லூ தெஸ்சுடனான போட்டி

1968 மே 29 அன்று மும்பையில் லூ தெஸ்சைத் தாரா சிங் வென்றார். இவ்வெற்றி உலக வாகையர் பட்டம் என இந்தியாவில் கொண்டாடப்பட்டது. தொழில்முறை மற்போரில் வெவ்வேறு அமைப்புகள் தத்தமக்கென உலகப் பட்டம் வைத்துள்ளன என்பது இங்கு நோக்கத்தக்கது. அமெரிக்காவின் தேசிய மற்போர்க் கூட்டணியின் பட்டத்தை லூ தெஸ் 1966 சனவரியிலேயே ஜீன் கினிஸ்கியிடம் இழந்திருந்தார். ஆகவே மும்பையில் கைமாறியது அப்பட்டம் அன்று.

எனினும் இப்போட்டியின் மதிப்பு வேறிடத்தில் உள்ளது. உண்மையான பிடிகளில் தேர்ந்தவராகத் தொழில் உலகம் மதித்த லூ தெஸ், திறமையற்ற ஒருவரிடம் எளிதில் தோற்க இசைபவரல்லர். தாரா சிங் மெய்யான மற்போர் வீரர் என்றும், மிகச் சிறந்த உடற்தகுதி உடையவர் என்றும், அவரிடம் தோற்பதில் தமக்கு மனக்குறை இல்லை என்றும் லூ தெஸ் பின்னாளில் கூறினார். ஒரு மற்போர் வீரரைப் பற்றி மற்றொரு வீரர் தரக்கூடிய உயரிய சான்றாக இது கொள்ளப்படுகிறது.

தோல்வி காணாதவர் என்னும் கூற்று

தாரா சிங் ஐந்நூறு போட்டிகளில் பங்கேற்று, ஒன்றிலும் தோற்கவில்லை எனப் பல கட்டுரைகள் குறிப்பிடுகின்றன. முடிவுகள் முன்கூட்டி வகுக்கப்படக்கூடிய ஒரு துறையில் இவ்வெண்ணிக்கையை ஒலிம்பிக் வீரர் ஒருவரின் வெற்றிக் கணக்கோடு ஒப்பிடுதல் பொருந்தாது. மக்கள் காண விரும்பிய வீரனாக ஒருவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிலைத்திருந்தார் என்பதையே இக்கூற்று காட்டுகிறது. அதற்குத் தேவைப்பட்ட உடற்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் மேடையில் மெய்யாகவே விழுந்தெழுந்த வலியும் புனையப்பட்டவை அல்ல.

1983 சூனில் தில்லியில் நடைபெற்ற போட்டியுடன் தாரா சிங் ஓய்வு பெற்றார். இராஜீவ் காந்தி அப்போட்டியைத் தொடங்கி வைத்தார். குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் வெற்றிக் கோப்பையை வழங்கினார்.

திரைப்படங்கள்

1952 இல் வெளியான சங்தில் தாரா சிங்கின் தொடக்ககாலப் படமாகும். 1962 இல் கிங் காங் படத்தின் வழியாகக் கதைத்தலைவனாக உயர்ந்தார். அவருடன் நடித்தால் சண்டைப்பட நாயகி என்ற முத்திரை விழும் என முன்னணி நடிகையர் தயங்கிய நிலையில், வளர்ந்து வந்த நடிகையான மும்தாஜ் 1963 இல் பௌலாத் படத்தில் அவருக்கு இணையானார். இருவரும் பதினாறு படங்களில் சேர்ந்து நடித்தனர். பிற்காலத்தில் இந்தித் திரையின் முன்னணி நாயகியாக விளங்கிய மும்தாஜின் உயர்வுக்கு இப்படங்கள் அடித்தளமாயின.

1965 இல் சிக்கந்தர்-ஏ-ஆசம் படத்தில் தாரா சிங் அலெக்சாந்தராகவும், பிருத்விராஜ் கபூர் போரஸ் மன்னராகவும் நடித்தனர். மேரா நாம் ஜோக்கர் (1970), ஆனந்த் (1971), மர்த் (1985), ஜப் வி மெட் (2007) ஆகியவை தாரா சிங் நடித்த பிற குறிப்பிடத்தக்க படங்கள். பஞ்சாபி மொழிப் படங்களை இயக்கியும் தயாரித்தும் உள்ளார். மொகாலியில் தாரா ஸ்டுடியோ என்னும் படப்பிடிப்புத் தளத்தை நிறுவினார்.

அனுமன் வேடம்

1976 இல் பஜ்ரங்பலி என்னும் திரைப்படத்தில் தாரா சிங் அனுமனாக நடித்தார். இராமானந்த் சாகர் இயக்கிய இராமாயணம் தொடர் 1987 சனவரி முதல் 1988 சூலை வரை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒளிபரப்பானது. அப்போது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த தாரா சிங், அதிலும் அனுமனாகத் தோன்றினார். பின்னர் பி. ஆர். சோப்ராவின் மகாபாரதம் தொடரிலும் அதே வேடத்தை ஏற்றார்.

இந்தி அறியாத தமிழக ஊர்களிலும், தொலைக்காட்சிப் பெட்டி இருந்த சில வீடுகளில் அக்கம்பக்கத்தார் கூடி இத்தொடரைக் கண்டனர். கதை அனைவரும் அறிந்தது ஆதலால் மொழி தடையாகவில்லை. மல்லர்கள் தம் கோதாக்களில் வழிபடும் தெய்வம் அனுமன் என்பதால், இவ்வேடம் தாரா சிங்குக்கு இயல்பாகவே பொருந்தியது. இவரது மகன் விந்து தாரா சிங்கும் ஜெய் வீர் அனுமன் தொடரில் அதே வேடம் ஏற்றார்.

பொதுவாழ்வு

1998 இல் பாரதிய ஜனதா கட்சியில் சேர்ந்த தாரா சிங், 2003 இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். விளையாட்டுத் துறையிலிருந்து அவ்வாறு நியமனம் பெற்ற முதலாமவர் இவரே. 1989 இல் தம் தன்வரலாற்றைப் பஞ்சாபி மொழியில் வெளியிட்டார்.

மறைவு

2012 சூலை 7 அன்று கடும் மாரடைப்பு ஏற்பட்டுத் தாரா சிங் மும்பை மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். மூளைக்குக் குருதி செல்வது தடைப்பட்டதால் நினைவு திரும்பவில்லை. மருத்துவத்தால் இனிப் பயனில்லை என்ற நிலையில் சூலை 11 அன்று வீட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். மறுநாள் காலை, தம் 83 ஆம் அகவையில் காலமானார். அன்றே மும்பையில் உடல் எரியூட்டப்பட்டது. தம்பி ரந்தாவா அடுத்த ஆண்டில் மறைந்தார்.

நினைவும் தாக்கமும்

பிரதமர் மன்மோகன் சிங் உள்ளிட்டோர் இரங்கல் தெரிவித்தனர். மர்த் படத்தில் தாரா சிங்கின் மகனாக நடித்த அமிதாப் பச்சன், சிறந்த மனிதர் ஒருவரையும் அவரோடு ஒரு காலகட்டத்தையும் இழந்துவிட்டதாகக் குறிப்பிட்டார். தாரா சிங் மறைந்து ஒரு திங்கள் கழிந்த வேளையில், இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் சுசில் குமார் வெள்ளிப் பதக்கமும் யோகேசுவர் தத் வெண்கலப் பதக்கமும் மற்போரில் வென்றனர். அவர்கள் வந்தது கோதாவிலிருந்து மெத்தைக்குச் சென்ற வழி. தாரா சிங் சென்றது கோதாவிலிருந்து மேடைக்கு. இரு வழிகளுக்கும் ஊர்ப்புறக் குஸ்தியே தோற்றுவாய்.

2018 இல் அமெரிக்காவின் உலக மற்போர் நிறுவனம் (டபிள்யூ டபிள்யூ ஈ) தனது புகழ் மன்றத்தின் மரபுரிமைப் பிரிவில் தாரா சிங்கைச் சேர்த்தது. அந்நிறுவனத்தின் மேடையில் அவர் புகழ்பெற்றவர் அல்லர் என்பதால், தொழில் உலகம் காலந்தாழ்த்தி அளித்த அறிந்தேற்பாக இது அமைந்தது. மொகாலியில் இவருக்குச் சிலை நிறுவப்பட்டுள்ளது.

தமிழகத்தில் இவரது நினைவு பெரும்பாலும் வாய்மொழியாகவே நிலவுகிறது. வம்புக்கு வருபவனை "நீ என்ன பெரிய தாராசிங்கா?" எனக் கேட்பதும், பருத்த உடலினரைக் கிங்காங் என அழைப்பதும் வழக்கம். அப்போட்டிகளைக் கண்டிராத தலைமுறையினரும் இச்சொற்களைப் பயன்படுத்துகின்றனர்.

காலக்கோடு

1928 – தர்மூசக்கில் பிறப்பு
1947 – சிங்கப்பூர் பயணம்
1954 – ருஸ்தம்-ஏ-ஹிந்த் பட்டம்
1959 – பொதுநலவாய வாகையர்
1962 – கிங் காங் திரைப்படம்
1968 – லூ தெஸ்சுடனான போட்டியில் வெற்றி
1983 – மற்போரிலிருந்து ஓய்வு
1987 – இராமாயணம் தொடரில் அனுமன்
2003 – மாநிலங்களவை உறுப்பினர்
2012 – மும்பையில் மறைவு
2018 – புகழ் மன்றத்தில் இடம்

இவற்றையும் பார்க்க

காமா பயில்வான்
கிங் காங் (மற்போர் வீரர்)
லூ தெஸ்
குஸ்தி
இராமாயணம் (தொலைக்காட்சித் தொடர்)