பணி ஓய்வுக்குப் பின் மனநலம்: ஓய்வு பெற்றோரும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

அறிமுகம்

தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58 ஆக இருந்து, 2020ஆம் ஆண்டில் 59 ஆகவும், 2021ஆம் ஆண்டில் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஓய்வு பெறும் மாதத்தின் கடைசி நாளன்று பிற்பகலில் சால்வை அணிவித்து, நினைவுப் பரிசு வழங்கி, வீடு வரை வந்து விட்டுச் செல்வது நம் அலுவலகங்களின் வழக்கம். ஓய்வூதியம், பணிக்கொடை, சேமநல நிதி ஆகியவற்றுக்கான தாள்களை மாதக்கணக்கில் முன்னரே தயார் செய்கிறோம். ஆனால், மறுநாள் காலை எழுந்ததும் என்ன செய்வது என்பதைப் பற்றிப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஓய்வு பெற்ற சில மாதங்களில் உறக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, பசியின்மை, தீராத உடல்வலி எனப் புறநோயாளிப் பிரிவுக்கு வருவோர் பலர். இரத்தப் பரிசோதனையிலும் இதய மின்வரைபடத்திலும் குறை எதுவும் தென்படாதபோது, “வயதாகிவிட்டது, இனி இப்படித்தான்” என்று வீட்டாரும், நோயாளியுமே கூட முடிவு செய்துவிடுகின்றனர். இது தவறான முடிவு. மனச்சோர்வு என்பது முதுமையின் இயல்பான பகுதி அன்று. அது கண்டறியக்கூடிய, சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய். ஓய்வுக்குப் பின் வரும் இயல்பான வருத்தம் எது, நோய் எது, இரண்டிலிருந்தும் மீள்வது எவ்வாறு என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

ஓய்வு ஏன் மனத்தைப் பாதிக்கிறது?

அமெரிக்க மனநல மருத்துவர்களான தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே ஆகியோர் மனிதருக்கு மன அழுத்தம் தரும் 43 வாழ்க்கை நிகழ்வுகளை வரிசைப்படுத்தி 1967இல் வெளியிட்டனர். அப்பட்டியலில் வாழ்க்கைத் துணையின் மரணம் முதலிடத்திலும், பணி ஓய்வு பத்தாவது இடத்திலும் உள்ளன. திருமணம் போன்ற மகிழ்ச்சியான நிகழ்வுகளும் அதில் இடம்பெற்றுள்ளன. விரும்பி ஏற்கும் மாற்றமாயினும், அதற்கு ஏற்ப மனம் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதே அதன் பொருள்.

வேலை நமக்குத் தருவது ஊதியம் மட்டுமன்று. எத்தனை மணிக்கு எழ வேண்டும், எப்போது உண்ண வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. நாள்தோறும் சிலரோடு பேசவும், தேநீர் அருந்தவும் வாய்ப்பளிக்கிறது. ‘தலைமையாசிரியர்’, ‘ஓட்டுநர்’, ‘செவிலியர்’ என்று நம்மை நாமே அறிமுகப்படுத்திக்கொள்ள ஒரு பெயரைத் தருகிறது. நம்மால் பிறருக்குப் பயன் உண்டு என்ற உணர்வையும் தருகிறது. ஓய்வு நாளில் இந்த நான்கும் ஒரே நேரத்தில் நின்றுபோகின்றன. ஓய்வூதியம் ஊதியத்தின் இடத்தை ஓரளவு நிரப்பும். மற்றவற்றை நாமே தேடி நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் ஆச்லி, ஓய்வுக்குப் பிந்தைய வாழ்வில் சில கட்டங்கள் உண்டு என்று 1970களில் விளக்கினார். முதலில் விடுமுறை போன்ற மகிழ்ச்சி இருக்கும். கோயில் பயணம், உறவினர் வீடு, வீட்டைப் புதுப்பித்தல் என நாட்கள் ஓடும். பின்னர் ஒருவித ஏமாற்றமும் வெறுமையும் தோன்றும். அதன் பிறகே புதிய வழக்கங்கள் உருவாகி, வாழ்வு நிலைபெறும். எல்லோரும் எல்லாக் கட்டங்களையும் இதே வரிசையில் கடப்பதில்லை. எனினும், வெறுமை தோன்றும் காலம் பலருக்கும் பொதுவானது என்று அறிந்திருப்பதே ஓர் ஆறுதல்.

இந்தப் பாதிப்பு அலுவலகப் பணியாளர்களுக்கு மட்டும் உரியதன்று. உழவருக்கும், நெசவாளருக்கும், கட்டடத் தொழிலாளருக்கும் ஓய்வு நாள் என்று ஒன்று குறிக்கப்படுவதில்லை. மூட்டுவலியோ பார்வைக் குறைவோ ஒருநாள் அவர்களை வீட்டில் அமர்த்திவிடுகிறது. விழாவும் இல்லை, ஓய்வூதியப் பாதுகாப்பும் குறைவு. பணியிலிருந்து ஓய்வு பெறும் பெண்கள் பலருக்கோ வீட்டு வேலையும் பேரக்குழந்தைப் பராமரிப்பும் முழுமையாக வந்து சேர்கின்றன. “ஓய்வு பெற்றுவிட்டீர்கள், இனி நிம்மதிதானே” என்று பிறர் சொல்லும்போது அவர்களால் தம் சோர்வை வெளிப்படுத்த இயலுவதில்லை.

இயல்பான வருத்தமா, மனச்சோர்வு நோயா?

இயல்பான வருத்தம் வந்து வந்து போகும். பேரனுடன் விளையாடும்போதோ, நண்பரைச் சந்திக்கும்போதோ மனம் சற்று இளகும். மனச்சோர்வு நோயில் அந்த இளக்கம் மிகவும் குறைந்துவிடும். பிடித்தவையும் பிடிக்காமல் போகும். பின்வரும் இரண்டு கேள்விகளை உங்களிடமே கேட்டுப் பாருங்கள்:

1. கடந்த இரண்டு வாரங்களில் பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா?
2. கடந்த இரண்டு வாரங்களில் வழக்கமாகச் செய்யும் செயல்களில் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா?

இவற்றுள் ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்பது விடையானால் மருத்துவரைச் சந்தியுங்கள். இக்கேள்விகள் நோயை உறுதி செய்வதற்கானவை அல்ல. மேலும் பரிசோதிக்க வேண்டுமா என்பதை அறிவதற்கானவை.

முதியோர் பலர் “மனம் சரியில்லை” என்று சொல்வதில்லை. அவர்களுடைய மனச்சோர்வு பின்வரும் வடிவங்களிலும் வெளிப்படலாம்:

• அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே விழிப்பு வந்து, மீண்டும் உறக்கம் வராமை
• உணவில் நாட்டமின்மை, உடல் எடை குறைதல்
• காரணம் புலப்படாத தலைவலி, முதுகுவலி, வயிற்றுக் கோளாறு
• சிறு செய்திக்கும் எரிச்சல் அல்லது கண்ணீர்
• மறதி, முடிவெடுக்க இயலாமை
• குளித்தல், முகம் மழித்தல், மாத்திரை உண்ணல் ஆகியவற்றில் அக்கறையின்மை
• “நான் யாருக்கும் தேவையில்லை”, “எல்லோருக்கும் சுமை” என்று அடிக்கடி கூறுதல்

தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தச்சோகை, வைட்டமின் பி12 குறைபாடு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் இதே அறிகுறிகளை ஏற்படுத்தக்கூடும். மனச்சோர்வினால் வரும் மறதியை மறதி நோய் என்றும், மறதி நோயின் தொடக்கத்தை மனச்சோர்வு என்றும் தவறாகக் கருதவும் வாய்ப்புண்டு. ஆகவே, நீங்களாகவே ஒரு முடிவுக்கு வராமல், தற்போது உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். ஓரிரு நாட்களுக்குள் திடீரெனக் குழப்பமோ பிதற்றலோ தோன்றினால், அது நோய்த்தொற்று போன்ற உடல்நோயின் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மீண்டு வருவதற்கான வழிகள்

இழப்பை இழப்பென்று ஏற்றுக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுகள் பழகிய ஓர் இடத்தை விட்டு வந்தவருக்கு வருத்தம் வருவது பலவீனம் அன்று. அதைத் துணைவரிடமோ, ஓய்வு பெற்ற நண்பரிடமோ சொல்லுங்கள். கடந்துவந்த வாழ்வைத் திரும்பிப் பார்ப்பது முதுமையில் மனம் செய்யும் இயற்கையான பணி என்று அமெரிக்க முதியோர் மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதினார். பணிக்கால நினைவுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதுவதும், பேரக்குழந்தைகளுக்குச் சொல்வதும் நல்ல பயிற்சி. நிறைவேறாத பதவி உயர்வு, தீராத மனக்கசப்பு ஆகியவையும் அதில் வரட்டும். சொல்லி முடித்த குறைகளின் பாரம் மெல்லக் குறையும். எழுத எழுதத் துயரம் பெருகுவதாகத் தோன்றினால் நிறுத்திவிட்டு, மனநல ஆலோசகரின் துணையை நாடுங்கள்.

நாளுக்கு ஒரு வடிவம் கொடுங்கள். எழும் நேரம், உண்ணும் நேரம், உறங்கும் நேரம் ஆகிய மூன்றையும் மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வெளியே செல்லும் வேலை ஒன்று, மாலையில் ஒருவரையேனும் சந்திக்கும் வாய்ப்பு ஒன்று என இரண்டை மட்டும் உறுதி செய்தால் போதும். மனம் விரும்பிய பிறகு செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம். மனச்சோர்வில் செயல் முன்னே வரும். ஆர்வம் பின்னரே வரும்.

வீட்டில் உங்கள் இடத்தைப் பேசி அமைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டீர்கள். இல்லத்தரசியான உங்கள் மனைவி இன்னும் ஓய்வு பெறவில்லை. இத்தனை ஆண்டுகள் பகல் முழுதும் அவர் பொறுப்பில் இருந்த வீட்டில், சமையலறைக் கணக்கையும் தண்ணீர்ச் செலவையும் மேற்பார்வையிடத் தொடங்கினால் பூசல் எழுவது இயல்பே. எந்த வேலையை யார் செய்வது, எந்த நேரம் தனித்தனியே, எந்த நேரம் சேர்ந்து என்பதை இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். ஒரு வேளைச் சமையலையோ, காய்கறி வாங்குவதையோ முழுப் பொறுப்பாக ஏற்பது இருவருக்கும் நன்மை தரும்.

உங்கள் அனுபவத்தைப் பயன்படுத்துங்கள். கருவூலத்தில் பணியாற்றியவர் ஓய்வூதியர் சங்கத்தில் பிறருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். ஆசிரியர் தெருப்பிள்ளைகள் நால்வருக்கு மாலையில் பாடம் சொல்லலாம். மின்பணியாளர் அண்டை வீட்டு இளைஞருக்குத் தொழிலைக் கற்பிக்கலாம். இளமையில் கைவிட்ட இசையையோ, தையலையோ, தோட்டத்தையோ மீண்டும் தொடங்கலாம். புதிதாகக் கற்கும்போது ஒரு சிறுவனிடம் பாடம் கேட்க நேர்ந்தாலும் தயங்காதீர்கள். பதவியின் துணையின்றி மனிதராக மதிக்கப்படுவதில் ஒரு புதிய நிறைவு உண்டு.

உடலைப் பேணுங்கள். 65 வயதைக் கடந்தோரும் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வாரத்தில் ஐந்து நாட்கள் 30 நிமிடம் விரைவாக நடந்தால் இந்த அளவு நிறைவேறும். நடக்க இயலாதோர் மருத்துவர் கூறும் அளவில் செய்யலாம். உறக்கத்திற்கென மது அருந்துவது உறக்கத்தையும் மனநிலையையும் கெடுக்கும். நீரிழிவு மாத்திரைகளுடன் சேரும்போது இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும்.

வீட்டை விற்பது, ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் ஒரே இடத்தில் முதலீடு செய்வது போன்ற பெரிய முடிவுகளை மனம் தெளியும் வரை ஒத்திவையுங்கள்.

சிகிச்சை

மிதமான மனச்சோர்வுக்கு ஆலோசனை சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். தேவையானோருக்கு மருத்துவர் மாத்திரைகளைப் பரிந்துரைப்பார். இவற்றின் முழுப்பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் மாற்றமில்லை என்று கைவிட வேண்டாம். மனச்சோர்வு நீக்கும் மாத்திரைகள் போதைப் பழக்கத்தை உண்டாக்குவதில்லை. எனினும், குணமான பிறகும் பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். திடீரென நிறுத்தக் கூடாது. முதியோர் சிலருக்கு இம்மாத்திரைகளால் இரத்தத்தில் சோடியம் குறையலாம். மாத்திரை தொடங்கிய பின் மயக்கமோ குழப்பமோ தோன்றினால் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். உறக்க மாத்திரைகளைக் கடையில் தாமாகவே வாங்கி உண்பது கூடாது. அவை தடுமாற்றத்தையும், விழுந்து எலும்பு முறியும் ஆபத்தையும் அதிகரிக்கின்றன.

குடும்பத்தினர் கவனத்திற்கு

“சும்மாதானே இருக்கிறீர்கள்” என்ற சொல் வீட்டில் வேண்டாம். “எல்லாம் இருக்கிறது, உங்களுக்கு என்ன குறை” என்பதும் ஆறுதல் ஆகாது. “சில நாட்களாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, கவனித்தேன். என்ன செய்கிறது, அப்பா?” என்று கேளுங்கள். பதில் வரும் வரை பொறுத்திருங்கள். வீட்டு முடிவுகளில் அவரிடம் கருத்துக் கேளுங்கள். பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அம்மாவிடம் ஒப்படைக்கும் முன், அவரால் இயலுமா, அவருக்கு விருப்பமா என்று கேளுங்கள்.

சாவைப் பற்றிப் பேசுதல், பொருட்களைப் பிறருக்குப் பகிர்ந்தளித்தல், திடீரென விடைபெறுவது போல் பேசுதல் ஆகியவற்றை ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள். “உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா?” என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படுவதில்லை. மாறாக, மறைத்து வைத்த துயரத்தைச் சொல்ல வழி பிறக்கும். ‘ஆம்’ என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிக்கொல்லி மருந்துகளையும் மிகுதியான மாத்திரைகளையும் கைக்கு எட்டாமல் அகற்றிவிட்டு, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

உதவி பெறும் வழிகள்

• முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவரைச் சந்திக்கலாம்.
• டெலி மானஸ் மனநல உதவி எண் 14416: கட்டணமின்றி 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.
• முதியோர் உதவி எண் 14567: ஓய்வூதியம், சட்ட உதவி, பராமரிப்பு, மன ஆறுதல் ஆகியவற்றுக்கு அழைக்கலாம்.
• மருத்துவ ஆலோசனை எண் 104. அவசர ஊர்தி எண் 108.

அழைப்பதற்கு நோய் முற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு வாரங்களாக மனம் தெளியவில்லை என்பதே அழைப்பதற்குப் போதுமான காரணம்.