பிள்ளையைப் பார்க்க ஒரு கோர்ட் உத்தரவு: அன்னி பெசன்ட்டில் இருந்து பள்ளிகொண்டா வரை

எங்கள் ஊருக்குப் பெயர் வந்ததே ரங்கநாதர் பாலாற்றங்கரையில் படுத்திருப்பதால்தான். பெருமாள் படுத்திருந்தாலும் ஊர் படுப்பதில்லை. விடியும் நேரத்திலேயே ஆம்பூர் பக்கம் போகும் ஷூ கம்பெனி பஸ்களில் பெண்கள் ஏறிவிடுவார்கள். அடி உதை தாங்காமல் பிள்ளையோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட ஒரு பெண்ணாவது இல்லாத தெரு இங்கே குறைவு. அப்புறம் கோர்ட், கேஸ், வாய்தா. கேஸ் நடக்கும்போதே ஒரு உத்தரவு வரும். மாதத்தில் இந்தக் கிழமை, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை, கோர்ட் வளாகத்தில், இன்னார் முன்னிலையில் அப்பா பிள்ளையைப் பார்க்கலாம் என்று.

அந்த "முன்னிலையில்" என்ற சொல் எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது என்று தேடினேன். சுவாரசியமாகவும் இருந்தது, கோபமும் வந்தது.

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிள்ளைகள் சட்டப்படி அப்பாவுக்கே சொந்தம். கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளரை அவர் கணவர் அடித்தார்; 1836-ல் மூன்று மகன்களையும் பிரித்துக் கொண்டு போனார். அந்த அம்மா எழுதி எழுதியே 1839-ல் ஒரு சட்டம் வர வைத்தார். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும், பெரிய பிள்ளைகளைப் போய்ப் பார்க்கவும் தாய் கோர்ட்டில் கேட்கலாம் என்றது அது. ஆக, "பார்க்கும் உரிமை" என்பது முதலில் தாய்மார்கள் போராடி வாங்கியது!

அடுத்தவர் நமக்குத் தெரிந்தவர், அடையாறு அன்னி பெசன்ட். ஹோம் ரூல் என்று பரீட்சைக்குப் படித்திருப்போம். அவர் தாயாகக் கோர்ட்டில் நின்ற கதையைப் பாடப்புத்தகம் சொல்லவில்லை. 1873-ல் பாதிரியாரான கணவரைப் பிரிந்தார். மகள் மேபல் இவரிடம், மகன் டிக்பி அவரிடம் என்று ஒப்பந்தம். 1877-ல் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு புத்தகத்தை வெளியிட்டதற்காக இவர் மேல் வழக்கு நடந்தது. இதுதான் சமயம் என்று கணவர் மகளைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார். கணவர் கொடுமைப்படுத்தினார் என்று இவரும் சொன்னார். கோர்ட் அதைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டது இவருடைய நாத்திகத்தையும் அந்தப் புத்தகத்தையும்தான். 1878-ல், எட்டு வயதுகூட ஆகாத மேபலைப் பிடுங்கிக் கொடுத்தார்கள். 1879-ல் மேல்முறையீட்டில் பிள்ளைகளைப் பார்க்கும் உரிமை கிடைத்தது. ஆனால் அந்தச் சந்திப்புகள் பிள்ளைகளை அலைக்கழிக்கின்றன என்று பார்த்து, அவர்கள் வளர்ந்து தாங்களே முடிவு செய்யும் வரை பார்ப்பதையே விட்டுவிட்டார். பின்னாளில் இருவரும் அம்மாவைத் தேடி வந்தார்கள்.

இதே பெசன்ட் இங்கே எதிர்ப்பக்கம் நின்றதுதான் வேடிக்கை. ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் அவர் தம்பியையும் திருப்பிக் கேட்டு அப்பா நாராயணய்யா வழக்குப் போட்டார். 1913-ல் சென்னை உயர் நீதிமன்றம் பையன்களை அப்பாவிடம் ஒப்படைக்கச் சொன்னது. 1914-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது. இது அடிதடி வழக்கு இல்லை. ஆனாலும் தந்தையின் உரிமைக்கு இந்த ஊர்க் கோர்ட்டில் எவ்வளவு கனம் இருந்தது என்பது இதில் தெரிகிறது.

நம் சட்டங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பொது. ஆம்பூர் முஸ்லிம் குடும்பமும் பள்ளிகொண்டா இந்துக் குடும்பமும் இதற்குள் வரும். பிள்ளையின் நலனைப் பார் என்று அதிலேயே இருக்கிறது. தந்தை உயிரோடு, தகுதியோடு இருந்தால் வேறு காப்பாளரை நியமிக்காதே என்றும் இருக்கிறது. (அந்த இடத்தில் "தாய்" என்ற சொல் சேர 2010 ஆனது. 120 வருஷம்!) 1956-ன் இந்து சட்டத்தில் முதலில் தந்தை, அவருக்குப் பின் தாய். 1973-ல் சென்னையிலிருந்து போன ரோஸி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொம்மையும் அல்ல என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் பேசியது. 1999-ல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் வழக்கில், "அவருக்குப் பின்" என்றால் அவர் செத்த பின் என்று மட்டும் அர்த்தமில்லை என்றது.

இத்தனைக்கும் நடுவே, அடித்தவன் பிள்ளையைப் பார்க்க வரும்போது என்ன செய்வது என்று எந்தச் சட்டமும் நேராகக் கேட்கவில்லை. கேட்டது 2005-ன் குடும்ப வன்முறைச் சட்டம். அமலுக்கு வந்தது 26 அக்டோபர் 2006. அதன் 21-வது பிரிவுப்படி, வழக்கின் எந்தக் கட்டத்திலும் மாஜிஸ்திரேட் பிள்ளையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்கலாம், எதிர்தரப்பு பார்க்க ஏற்பாடு செய்யலாம். பார்ப்பது பிள்ளைக்குக் கேடு என்று பட்டால் மறுத்தே ஆகவேண்டும்.

ஏற்பாடு அல்லது மறுப்பு, இந்த இரண்டுதான் பிரிவில் இருக்கிறது. "மேற்பார்வை" என்ற சொல் இல்லை. அந்தச் சொல் இருப்பது 2006 விதிகளில், பாதுகாப்பு அலுவலரின் கடமைப் பட்டியலில். அதுவும் யாருக்கு? துரத்தப்பட்ட தாய், கணவன் வீட்டில் மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போய்ப் பார்க்க அலுவலர் தன் மேற்பார்வையில் உதவ வேண்டும் என்பதற்கு. நார்ட்டன், பெசன்ட் காலத்து நிலைமைதான் சட்டம் எழுதியவர்களின் மனதிலும் இருந்திருக்கிறது. தாயிடம் பிள்ளை இருந்து, அடித்தவன் வரும்போது பக்கத்தில் யார் உட்காருவது என்பதை மாஜிஸ்திரேட்டின் யோசனைக்கு விட்டுவிட்டார்கள்.

நியூசிலாந்தில் 1994-ல் ஒரு தந்தை, காவலுக்காக வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, தன்னிடம் இருந்த மூன்று மகள்களையும் கொன்றார். அடுத்த வருஷமே சட்டம் மாறியது. வன்முறை செய்தவர், பிள்ளை தன்னிடம் பத்திரமாக இருக்கும் என்று காட்டினாலொழிய, மேற்பார்வை இல்லாமல் பார்க்க முடியாது என்று அப்போது அந்தச் சட்டம் சொன்னது. இப்படிப்பட்ட சந்திப்பு மையங்களில் தாயும் தந்தையும் வேறு வேறு நேரத்தில், முடிந்தால் வேறு வேறு வாசலில் வருவார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் அறையிலேயே இருந்து குறிப்பு எழுதுவார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே வேண்டியதில்லை.

இங்கே சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு வாசலும் அதே, பஸ் ஸ்டாப்பும் அதே. பள்ளிகொண்டாவிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல். கம்பெனிக்கு லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. 2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததில் ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போனது. ஆம்பூரில் பிறந்து பள்ளிகொண்டாவில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இப்போது தாய்வீடு ஒரு மாவட்டம், மாமியார் வீடு வேறு மாவட்டம். (தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலேயே மனுப் போடலாம் என்று 27-வது பிரிவு சொல்வது பெரிய ஆறுதல்.) பிள்ளையைக் கைமாற்றும் அந்த ஐந்து நிமிஷத்தில்தான் பழைய மிரட்டல் மறுபடி ஆரம்பிக்கிறது.

பெரிய கோர்ட்டிலும் இது சட்டென்று புரிவதில்லை. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஒருவர், பிள்ளையைப் பார்க்க வரும் பிரிந்த கணவரை விருந்தாளியாக நினைத்து டீயும் சிற்றுண்டியும் கொடுக்கச் சொன்னார். அதே ஆண்டு இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. அந்த வழக்கின் விவரம் வேறாக இருக்கலாம். ஆனால் அடி வாங்கியவள் இதைப் படித்தால் என்ன நினைப்பாள்?

புது மையம் கட்டும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 15-வது பிரிவில், குடும்ப நலப் பணியில் இருக்கும் ஒருவரை, முடிந்தவரை பெண்ணை, மாஜிஸ்திரேட் துணைக்கு அழைக்கலாம். 28-வது பிரிவில் தன் நடைமுறையைத் தானே வகுத்துக்கொள்ளலாம். தந்தை அரைமணி முன்னால் வந்து உட்கார வேண்டும், தாய் கிளம்பிப் போன பிறகுதான் அவர் எழுந்து வெளியே வரவேண்டும், பிள்ளையைக் கைமாற்றுவது மூன்றாவது ஆள், பிள்ளை அழுதால் சந்திப்பு முடிந்தது என்றெல்லாம் உத்தரவிலேயே எழுதச் சொல்லலாம். வக்கீலிடம் சொல்லி மனுவில் கேட்டால்தான் அது உத்தரவில் வரும்.