பெட்டகமும் திறவுகோலும்

ஒருவர் தம் காணி உறுதியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுகிறார். உறுதி அவருடையது. ஆயினும், அப்பெட்டகத்தைச் செய்த கொல்லனைத் தவிர வேறெவரும் அதற்குத் திறவுகோல் செய்யலாகாது என்று ஒரு விதி இருக்குமாயின், அவ்வுறுதி உண்மையில் எவர் கையில் இருக்கிறது? கணினிக் கோப்புகளைக் குறித்தும் இவ்வினா எழுந்ததுண்டு.

கணினி நிரல் ஒவ்வொன்றும் தான் சேமிக்கும் எழுத்தையும் எண்ணையும் ஓர் ஒழுங்கில் அடுக்கி வைக்கிறது. அதுவே கோப்பின் வடிவம். நிரலை ஆக்கிய நிறுவனம் அவ்வொழுங்கை மறைத்து வைத்தால், பிறர் அதனை ஆராய்ந்தே அறிதல் வேண்டும். அவ்வாறு ஆராய்தல் குற்றமாகுமா?

அமெரிக்காவின் வட கரோலினாவில் 1976ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சாஸ் நிறுவனம், புள்ளிவிபரப் பகுப்பாய்வுக்கான நிரல்களை ஆக்கி வந்தது. இங்கிலாந்தின் வேர்ல்ட் புரோகிராமிங் நிறுவனம், சாஸின் மூலநிரலைக் காணாமலே, உரிமம் பெற்ற பிரதியை இயக்கிப் பார்த்து, அதே வேலையைச் செய்யும் புதிய நிரலொன்றை எழுதிற்று. சாஸ் வழக்குத் தொடுத்தது. இலண்டன் உயர் நீதிமன்றம், சட்டவினாக்களை லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது.

2012 மே 2ஆந் திகதி விடை கிடைத்தது. நிரலின் செயற்பாடும், நிரல்மொழியும், கோப்பு வடிவமும் நிரல்களுக்குரிய பதிப்புரிமைப் பாதுகாப்பில் அடங்கா. செயற்பாட்டுக்கு அவ்வுரிமையை அளித்தால் கருத்துக்களே ஒருவரின் தனியுடைமையாகிவிடும் என்றது நீதிமன்றம். முறைப்படி பிரதி பெற்றவர், அது இயங்குமாற்றைக் கவனித்து ஆராயலாம். மூலநிரலைப் படியெடுப்பதோ வேறு காரியம்.

வழக்கு இத்துடன் ஓயவில்லை. அமெரிக்க நீதிமன்றம், உரிம ஒப்பந்தத்தை மீறியமைக்கும் ஏமாற்றியமைக்குமாக, ஆங்கில நிறுவனம் ஏறக்குறைய 7 கோடி 90 இலட்சம் டொலர் செலுத்த வேண்டுமெனத் தீர்த்தது. 2017ஆம் ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. ஒரு கரையில் ஆராய்ச்சி எனப்பட்டது, மறுகரையில் ஒப்பந்த மீறலாயிற்று.

இதில் நமக்கொரு பாடமுண்டு. பாடசாலைப் பதிவேடாயினும் கோயிற் கணக்காயினும், கோப்பில் இடுமுன் அதன் வடிவம் வெளியிடப்பட்டதா என்று கேட்போமாக. 2006ஆம் ஆண்டு சர்வதேச நியமமாகிய திறந்த ஆவண வடிவம் போன்றவை இன்று நமக்குக் கிட்டுகின்றன. திறவுகோலுக்காக நீதிமன்றப் படி ஏறுவதிலும், அதன் அளவு நம் கையிலும் இருக்கும் பெட்டகத்தை முதலிலேயே தேர்ந்துகொள்வது நன்றல்லவா?