காசு முதலா, சாமான் முதலா?

"அக்கா, இந்த விலைக்கு ஒரே ஒரு பீஸ்தான் மிச்சம். இப்ப காசைப் போட்டா எடுத்து வைக்கிறன்." இன்பொக்ஸில் வரும் இந்த வசனம் எங்களில் பலருக்குப் பழக்கம். சிலர் நம்பிக் காசையும் போட்டிருக்கிறோம். சாமான் வராமல், அந்தப் பக்கம் எங்களை பிளொக் பண்ணியதும், "எங்கட மொக்குத்தனம்தான்" என்று வெட்கப்பட்டு ஒருத்தருக்கும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். ஆனால் இந்த ஏமாற்று இணையத்தோடு பிறந்ததல்ல. அதன் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் வெட்கம் குறையும், கவனம் கூடும்.

சந்தையில் ஒரு கையால் காசைக் கொடுத்து மறு கையால் சாமானை வாங்குகிறோம். வாங்குபவரும் விற்பவரும் தூரத்தில் இருக்கும்போதுதான் கேள்வி எழுகிறது: யார் முதலில் கொடுப்பது?

1872இல் சிக்காகோவில் ஆரன் மொன்ட்கொமரி வார்ட் என்பவர் ஒற்றைத் தாளில் விலைப்பட்டியல் அச்சடித்து, கிராமத்து விவசாயிகளுக்குத் தபால் மூலம் விற்கத் தொடங்கினார். விலை அவ்வளவு குறைவு என்பதால் 'சிக்காகோ ட்ரிபியூன்' பத்திரிகை அதை மோசடி என்றே எழுதியது. பிறகு தவறை ஒப்புக்கொண்டது. வார்ட் கண்ட வழி, திருப்தி இல்லாவிட்டால் காசைத் திருப்பித் தருவோம் என்ற உத்தரவாதம். அதே 1872இல்தான் தபால் வழி மோசடியைக் குற்றமாக்கும் சட்டத்தையும் அமெரிக்கா கொண்டுவந்தது. தூர வியாபாரம் வளர்ந்த இடத்திலேயே தூர மோசடியும் வளர்ந்தது.

எங்கள் பக்கத்து நாட்டில், 1877இல் பிரிட்டிஷ் இந்தியத் தபால் துறை வி.பி.பி. முறையைத் தொடங்கியது. தபால்காரர் பார்சலைக் கொடுத்துக் காசை வாங்குவார்; தபால் துறை அதை விற்றவருக்கு அனுப்பும். இன்றைய 'கேஷ் ஒன் டெலிவரி' அதன் பேரப்பிள்ளை. ஆனால் பெட்டியைத் திறக்க முன்பே காசு கைமாறிவிடும். உள்ளே கல் இருந்தால்? அந்த ஓட்டை இன்னும் முழுதாக அடைபடவில்லை.

1994 ஓகஸ்ட் 11 அன்று அமெரிக்காவில் ஒருவர் 'நெட்மார்க்கெட்' தளத்தில் ஸ்டிங் என்ற பாடகரின் இசைத்தட்டை 12.48 டொலருக்கு வாங்கினார். கார்ட் இலக்கத்தை வழியில் யாரும் வாசிக்க முடியாதபடி மறையாக்கி அனுப்பியதால் அது செய்தியானது. பிரவுசரில் வந்த பூட்டுச் சின்னமும் அந்தக் காலத்து வரவுதான். பலர் இன்னும் "பூட்டு இருக்கு, நம்பலாம்" என்கிறார்கள். பூட்டு சொல்வது, நடுவில் ஒருவரும் ஒட்டுக்கேட்கவில்லை என்பதை மட்டுமே. மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று அது சொல்லாது. போலித் தளங்களும் பூட்டு வாங்கிவிடுகின்றன. இந்தக் குழப்பத்தால் 2023இல் குரோம் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது.

1995இல் தொடங்கிய ஈபே, அடுத்த வருடமே வாங்கியவர்கள் விற்றவர்களைப் பற்றிக் கருத்து எழுதும் முறையைக் கொண்டுவந்தது. பிறகு கருத்துகளையே காசுக்கு எழுதும் தொழில் முளைத்தது. சீனாவில் தாவோபாவோ தளத்துக்காக உருவான அலிபே வேறு வழி பிடித்தது: சாமான் கிடைத்தது என்று வாங்கியவர் சொல்லும்வரை காசைத் தானே பிடித்து வைத்தது.

உத்தரவாதம், தபால்காரர், அலிபே எல்லாமே காசு ஒரேயடியாகப் போய்விடாமல் பார்க்கும் பாதுகாப்புகள். மோசடிக்காரரின் முழு வேலையும் எங்களை அதற்கு வெளியே கூட்டிப்போவதுதான். "ஆப்பில வேண்டாம், வட்ஸ்அப்புக்கு வாங்கோ." "கேஷ் ஒன் டெலிவரி இல்லை, எக்கவுண்டுக்குப் போடுங்கோ." "பார்சல் வந்திருக்கு, இந்த லிங்கில சின்னத் தொகை கட்டுங்கோ." "ஓடிபியைச் சொல்லுங்கோ." வசனங்கள் வேறு, நோக்கம் ஒன்று. அவசரப்படுத்துவதும் அதற்குத்தான், யோசிக்க நேரம் கிடைத்தால் நாங்கள் பாதுகாப்பைத் தேடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

இலங்கையில் சட்டம் இல்லாமல் இல்லை. 2003இன் நுகர்வோர் அதிகார சபைச் சட்டம், கார்ட் மோசடிகளுக்கு 2006இன் சட்டம், 2007இன் கணினிக் குற்றச் சட்டம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் முறைப்பாடு இல்லாமல் சட்டம் அசையாது. ஏமாந்தது தெரிந்தவுடன் முதலில் வங்கிக்கு அழைப்போம். அவர்கள் அழிக்க முன் உரையாடலையும் ஸ்லிப்பையும் எக்கவுண்ட் இலக்கத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுப்போம். பிறகு பொலிஸ், நுகர்வோர் அதிகார சபையின் 1977, இலங்கை சேர்ட்டின் 101.

கூடவே, வீட்டிலும் நண்பர்களிடமும் சொல்வோம். நாங்கள் வெட்கத்தில் மறைக்கும் அதே எக்கவுண்ட் இலக்கம், நாளைக்கு இன்னொரு தங்கச்சியின் இன்பொக்ஸில் போய் நிற்கும்.