பழனி மலைக் காப்பி: சுவைத் தேர்வின் வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிப் பிரிந்து நீளும் மலைத்தொடர் பழனி மலை ஆகும். இதன் மேற்பகுதியில், சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் அமைந்துள்ளது. கொடைக்கானலின் கடுங்குளிரும் உறைபனியும் காப்பிச் செடிக்கு ஒத்துவராதவை. அதற்குக் கீழே உள்ள கீழ்ப்பழனி மலைச் சரிவுகளில்தான் காப்பி விளைகிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, தடியன்குடிசை, ஆடலூர், பன்றிமலை, பாச்சலூர் ஆகியவை காப்பிக்குப் பெயர்பெற்ற ஊர்கள். இங்கு விளைவது பெரும்பாலும் அராபிகா வகை. இந்தியக் காப்பி வாரியம் இப்பகுதியை ‘புல்னிஸ்’ என்ற பழைய ஆங்கிலப் பெயரிலேயே தனியொரு காப்பி மண்டலமாகக் குறிப்பிடுகிறது.

ஒரு காப்பியின் தரத்தை முடிவு செய்வது எது? கொட்டையின் அளவா, நிறமா, கோப்பையில் தெரியும் சுவையா? இக்கேள்விக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டன. அந்த விடை மாறியபோதெல்லாம் மலை விவசாயிக்குக் கிடைத்த விலையும் மாறியது.

மலையில் காப்பி

19ஆம் நூற்றாண்டில் தென்னிந்திய மலைகளில் ஐரோப்பியர்கள் காப்பித் தோட்டங்களை அமைத்தனர். பழனி மலையிலும் அக்காலத்திலேயே காப்பி பயிரானது. பின்னர் மலையடிவாரத்துத் தமிழ் வணிகக் குடும்பங்களும் தோட்டங்களை வாங்கி நடத்தின. மலையடிவாரத்திலுள்ள பட்டிவீரன்பட்டி, காப்பி, ஏலக்காய் வணிகத்தால் வளர்ந்த ஊர். சுயமரியாதை இயக்கத் தலைவர்களுள் ஒருவரான ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் (1893–1953) இவ்வூரின் தோட்ட உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். சென்னை தியாகராய நகரிலுள்ள பாண்டி பஜார் அவர் பெயரால் அமைந்ததே.

1869இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களையும் தாக்கியது. நோயைத் தாங்கும் வகைகளைக் கண்டறிய 1925இல் மைசூர் சமஸ்தானத்தின் பாலஹொன்னூரில் காப்பி ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அங்கு உருவாகி 1940களில் வெளியான ‘எஸ். 795’ என்ற அராபிகா வகை பழனி மலையிலும் பரவியது. இன்று தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் மண்டல ஆய்வு நிலையம் இயங்குகிறது.

அளவால் தரம் பிரித்தல்

தோட்டத்தில் பறித்த பழத்தின் தோலை நீக்கி, புளிக்க வைத்துக் கழுவி, உலர்த்திய அராபிகாவுக்கு இந்தியச் சந்தையில் ‘பிளாண்டேஷன்’ என்று பெயர். பழமாகவே உலர்த்தியது ‘செர்ரி’. பதப்படுத்தும் ஆலையில் கொட்டைகளைச் சல்லடையில் சலித்து ஏஏ, ஏ, பி, சி எனப் பிரிப்பர். ஏ தரத்துக்கான சல்லடைத் துளை 6.65 மில்லிமீட்டர், பி தரத்துக்கு 6 மில்லிமீட்டர். பழத்துக்குள் இரண்டுக்குப் பதிலாக உருண்டையாக ஒரே கொட்டை இருந்தால் அது ‘பீபெரி’ எனத் தனியாக விற்கப்படும்.

இப்பிரிவினை வறுப்பதற்குப் பயன்படும். ஒரே அளவுள்ள கொட்டைகள் ஒரே சீராக வறுபடும். ஆனால் சல்லடை சுவையைச் சொல்லாது. பெரிய கொட்டையிலும் பூஞ்சை வாடை இருக்கலாம். சிறிய கொட்டையிலும் தேன் போன்ற இனிப்பு இருக்கலாம்.

தொகுப்பு முறைக் காலம்

1930களில் காப்பி விலை சரிந்தது. இரண்டாம் உலகப் போர் ஐரோப்பியச் சந்தையையும் அடைத்தது. தோட்டங்களைக் காக்க 1940இல் அவசரச் சட்டமும், 1942இல் காப்பிச் சட்டமும் வந்தன. அதன்படி விவசாயிகள் தங்கள் விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும். வாரியம் அதனை ஏலத்தில் விற்று, தரத்துக்கேற்ப மதிப்பிட்டு, விவசாயிகளுக்குத் தவணைகளில் பணம் கொடுத்தது.

விலை வீழ்ச்சியிலிருந்து சிறு விவசாயியை இம்முறை காத்தது. ஆனால் இதற்கு ஒரு விலையும் இருந்தது. தொகுப்பில் சேர்ந்த கொட்டை எந்தச் சரிவில், யாருடைய தோட்டத்தில் விளைந்தது என்ற அடையாளம் மறைந்தது. ஏல மாதிரிகளை ஏற்றுமதியாளர்கள் சுவைத்துப் பார்த்தனர். தன் காப்பிக்கு அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது தாண்டிக்குடி விவசாயிக்கு வந்து சேர வழியில்லை. நன்றாகச் செய்தவருக்கும் சுமாராகச் செய்தவருக்கும் பெரிய வேறுபாடு இல்லாதபோது, கூடுதல் உழைப்புக்குத் தூண்டுதலும் குறைந்தது.

1992இல் விளைச்சலில் ஒரு பகுதியை உள்நாட்டில் நேரடியாக விற்க அனுமதி கிடைத்தது. 1996இல் தொகுப்பு முறை முற்றிலும் முடிவுக்கு வந்தது. அன்று முதல் விவசாயி தன் காப்பியைத் தானே விற்கலாம். உலகச் சந்தையின் ஏற்ற இறக்கத்தையும் தானே தாங்க வேண்டும்.

சுவைத் தேர்வு நடக்கும் முறை

காப்பியைச் சுவைத்து மதிப்பிடுவதை வணிகர்கள் ‘கப்பிங்’ என்பர். இந்தியாவில் இத்துறையின் முன்னோடி சுனாலினி மேனன். 1972இல் காப்பி வாரியத்தில் சேர்ந்த இவர், அதன் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார். பின்னர் பெங்களூரில் ‘காபிலேப்’ என்ற சோதனைக்கூடத்தை நிறுவினார்.

பன்னாட்டளவில் பரவிய முறை 2004ஆம் ஆண்டின் மதிப்பெண் படிவத்தை அடிப்படையாகக் கொண்டது. மிதமாக வறுத்த கொட்டையை 8 முதல் 24 மணி நேரம் வைத்திருந்து அரைப்பர். 150 மில்லிலிட்டர் நீருக்கு 8.25 கிராம் தூள் என்பது கணக்கு. முதலில் உலர்ந்த தூளை முகர்வர். பின் சுமார் 93 டிகிரி செல்சியஸ் வெந்நீர் ஊற்றுவர். நான்கு நிமிடத்தில் மேலே படியும் தூள் ஏட்டைக் கரண்டியால் விலக்கி, எழும் மணத்தை முகர்வர். சற்று ஆறிய பின் கரண்டியில் எடுத்து ‘சர்’ரென்று ஒலி எழ உறிஞ்சுவர். காப்பி நாக்கு முழுவதும் பரவவும், அதன் மணம் மூக்கின் உட்புறத்தை எட்டவும் இவ்வாறு செய்கின்றனர். ஒரே மாதிரியிலிருந்து ஐந்து கோப்பைகள் வைப்பதால், ஒன்றில் மட்டும் உள்ள குறையும் தெரிந்துவிடும்.

மணம், சுவை, பின்சுவை, புளிப்பு, கனம், இனிப்பு, சமநிலை உள்ளிட்ட பத்துக் கூறுகளுக்குத் தலா பத்து மதிப்பெண். மொத்தத்தில் 80 அல்லது அதற்கு மேல் பெற்றால் அது சிறப்புக் காப்பி. இங்கு புளிப்பு என்பது நற்குணம். ஆரஞ்சுப் பழத்தில் இருப்பது போன்ற துலக்கமான சுவை. புளித்துப்போன வாடை வேறு, அது குறை.

விஸ்கியும் காப்பியும்

மது வகைகளையும் இவ்வாறே மூக்கு, நாக்கு, பின்சுவை என்ற வரிசையில் மதிப்பிடுகின்றனர். அமெரிக்காவின் ‘ஸ்ட்ரெய்ட் போர்பன்’ விஸ்கி, உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் மரப்பீப்பாயில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் முதிர வேண்டும். அதன் நிறமும் வனிலா போன்ற மணமும் மரத்திலிருந்து வருபவை. ஆயினும் அளவுக்கு மீறி முதிர்ந்தால் மரக்கசப்பே மிஞ்சும்.

காப்பிக்கு முதுமை பொதுவாக நன்மை செய்வதில்லை. பச்சைக் கொட்டை நாளாக நாளாக மணத்தை இழந்து சாக்கு வாடை அடையும். இதற்கு ஒரு விதிவிலக்கு மலபார்க் கடற்கரையின் ‘மான்சூன்’ காப்பி. பாய்மரக் கப்பல் காலத்தில் கொட்டைகள் மாதக்கணக்கில் கடல் ஈரத்தில் ஊறிப் புளிப்புக் குறைந்து ஐரோப்பா சேர்ந்தன. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து, நீராவிக் கப்பல்களும் பெருகியபின் பயணம் சுருங்கியது. பழகிய சுவையும் மாறியது. அதனை மீட்கவே தென்மேற்குப் பருவக்காற்றில் கொட்டைகளைப் பரப்பி வைக்கும் முறை நிலைபெற்றது.

மழையும் களமும்

கீழ்ப்பழனி மலைக்கு வடகிழக்குப் பருவமழையே முக்கியமானது. பழம் பழுக்கும் மாதங்களில் அம்மழையும் பெய்யும். மழையில் உலர்த்தல் தடைப்பட்டால் பூஞ்சை பிடிக்கும். மண் தரையில் காயவைத்தால் மண் வாடை ஏறும். தோல் நீக்கிய கொட்டை அதிக நேரம் ஊறினால் புளித்த வாடை வரும். பச்சைக்காயும் பழமும் கலந்து பறித்தால் கோப்பையில் துவர்ப்பும் புல் வாடையும் தெரியும். பழுத்ததை மட்டும் பொறுக்கிப் பறிக்கும் தொழிலாளியின் விரலிலிருந்தே கோப்பையின் இனிப்பு தொடங்குகிறது. அதற்கு நேரம் அதிகமாகும். அந்த நேரத்துக்குக் கூலியும் கொடுத்தாக வேண்டும்.

எனவே சுவைத் தேர்வு விற்பவருக்கு மட்டும் உரியதன்று. எந்தக் குறை எந்த வேலையில் நேர்ந்தது என்று விவசாயிக்குக் காட்டும் கருவியும் அதுவே.

இன்றைய நிலை

2019இல் குடகு, சிக்மகளூர், பாபாபுடன்கிரி, வயநாடு, அரக்கு பள்ளத்தாக்கு ஆகிய ஐந்து இடங்களின் காப்பிகள் புவிசார் குறியீடு பெற்றன. அப்பட்டியலில் பழனி மலைக் காப்பி இல்லை. அதே ஆண்டில் பழனிப் பஞ்சாமிர்தமும் கொடைக்கானல் மலைப்பூண்டும் குறியீடு பெற்றன. விருப்பாச்சி மலைவாழை முன்னரே பெற்றிருந்தது.

உள்ளூர்க் குடிமுறையும் இதற்கு ஒரு காரணம் எனலாம். கருக வறுத்து, சிக்கரி கலந்து, பாலும் சர்க்கரையும் சேர்க்கும் ஃபில்டர் காப்பி தனக்கென ஒரு சுவை உடையது. சிக்கரி கலந்த தூளில் 49 விழுக்காடு வரை சிக்கரி இருக்கச் சட்டம் இடமளிக்கிறது. அந்த டம்ளரில் பழனி மலையையும் குடகையும் பிரித்தறிவது அரிது.

காப்பி வாரியம் 2002 முதல் சுவைப் போட்டிகளை நடத்துகிறது. காப்பித் தரம் பற்றிய முதுநிலைப் பட்டயப் படிப்பும் அதன் சார்பில் உள்ளது. இப்பயிற்சி மலைக் கிராமங்களுக்கும் உழவர் குழுக்களுக்கும் எட்ட வேண்டும். தன் காப்பி 78 மதிப்பெண் பெறுமா, 84 பெறுமா என்று அறியாத விவசாயி, வாங்க வருபவர் சொல்லும் விலையை ஏற்றுக்கொள்வார். அறிந்தவர் பேரம் பேசுவார். இரண்டு மதிப்பெண்களுக்கும் இடையே உள்ளது பெரும்பாலும் பறிப்பிலும் உலர்த்தலிலும் எடுக்கும் கவனமே. அது விவசாயியின் கையில் உள்ளது.